எகிறுதல்

தொண்ணூறுகளில் தினமும் மயிலாப்பூரிலிருந்து தி. நகருக்கு பஸ்ஸில் வேலைக்குப் போவேன். உட்கார இடம் கிடைத்தாலும் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நிற்பேன்; உட்கார்ந்தால் போய்ச் சேரவே மாட்டோம் என்று தோன்றும். ஒருநாள் காலை டிரைவர் வண்டியைத் திடீரென்று எகிறவிட்டார். நான் யார் மேலோ போய் விழுந்தேன்.

"மனுஷாளை ஏத்திண்டு போறேளா, மூட்டையையா?" என்று கத்தினேன்.

"இன்னா சார், சும்மா எகிர்ற?" என்றார் கண்டக்டர்.

பஸ்ஸும் எகிறுகிறது, நானும் எகிறுகிறேன், தக்காளி விலையும் எகிறுகிறது. இந்தச் சொல் எங்கிருந்துதான் வந்து தொலைத்தது? ஆபீஸ் போனதும், வீட்டில் தெலுங்கு பேசும் பக்கத்து மேஜைக்காரரிடம் எரிச்சலோடு கேட்டேன்.

"எங்க பாஷையிலேர்ந்து வந்ததுதான் சார். நாங்க பறக்கிறதுக்கு அப்படித்தான் சொல்லுவோம்" என்று ஜன்னலுக்கு வெளியே கிளம்பிய காக்கையைக் காட்டினார்.

மாலை திரும்பும்போது பஸ் மறுபடி எகிறியது. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். நாலடி போய் நின்றுவிட்டது. முன்னால் பாண்டி பஜார் முழுக்க வண்டிகள். பறந்துகொண்டிருந்த சொல்லுக்கு எங்கள் ஊரில் கிடைத்தது அந்த நாலடிதான்.