சிரித்த கரடி

கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைப்பவள் அவள். எழுத்தென்றால் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவாள், மிருகங்களை வரைந்ததில்லை. காட்டோரத்துப் பாலர் பள்ளியின் சுவரில் பக்கத்துக் காட்டு விலங்குகளை வரைந்து தரும்படி டீச்சர் கேட்டபோது, மகள் அங்கேதான் படிக்கிறாள் என்பதால் மறுக்க வாய் வரவில்லை.

"பயமுறுத்துற மாதிரி வேண்டாம். எல்லாம் சிரிச்ச முகமா இருக்கட்டும்" என்றார் டீச்சர்.

மானும் முள்ளம்பன்றியும் எப்படியோ வந்துவிட்டன. நரி மட்டும் எதிர்வீட்டு நாயின் சாடையில் அமைந்தது. கரடிதான் அவளே எதிர்பாராத அழகு: குண்டுக் கன்னம், காதுவரை சிரிப்பு, வா வா என்று விரித்த கைகள். பிள்ளைகள் அதைச் சுற்றியே கிடந்தார்கள். நாலு வயது மகள் கரடியின் பெயிண்ட் காயாத வயிற்றில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள். சட்டையெல்லாம் பழுப்புப் பெயிண்ட்.

அந்த வாரமே தெருக்கோடிக் குப்பைத்தொட்டியைக் கரடி உருட்டிவிட்டுப் போனதாகப் பேச்சு அடிபட்டது. பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்று வனத்துறை வண்டி ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனது.

மறுநாள் மாலை வீட்டில் தூரிகைகளைக் கழுவிவிட்டுத் திரும்பினால் மகளைக் காணோம். கட்டிலடியில் இல்லை, குளியலறையில் இல்லை. பின்கதவு திறந்து கிடந்தது. பெயரைக் கூப்பிட்டபடியே வெளியே வந்தாள்.

மகள் வீட்டுக்குப் பின்னாலிருந்த புதரோரம் குந்தி, பிஸ்கட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். புதர் அசைந்தது. ஒரே ஓட்டமாகப் போய்ப் பிள்ளையை அள்ளிக்கொண்டு வந்து தாழ்ப்பாள் போட்டாள். அசைத்தது காற்றா கரடியா என்று அவள் நின்று பார்க்கவில்லை.

"அங்க என்னடி பண்ணின?"

"கரடி மாமாவுக்குப் பிஸ்கட். நீதானேம்மா வரைஞ்ச? அது என்னைக் கட்டிக்கும்."

தன் பிள்ளை மட்டுமா? அந்தச் சுவரைச் சுற்றி நின்ற அத்தனை முகங்களும் கண்முன் வந்தன.

காலையில் பெயிண்ட் டப்பாவோடு பள்ளிக்குப் போனாள். கரடியை அழிக்கப்போவதாகச் சொன்னதும் டீச்சர் பதறினார். "ஐயோ, அதுதான் பிள்ளைங்களுக்கு உசுரு! அழிச்சா அழுதே ஊரைக் கூட்டிடுவாங்க."

"அழட்டும் டீச்சர். நேத்து என் பொண்ணு பிஸ்கட்டோட நிஜக் கரடியத் தேடிப் போயிட்டா."

டீச்சர் தானே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

சிரிப்பின்மேல் பூச்சு விழுந்தது. பல்லைக் காட்டி உறுமவைக்கவும் அவளுக்கு மனமில்லை. குறுக்கே அகலமாக ஓர் ஆற்றை ஓடவிட்டு, அக்கரையில் பழம் தின்னும் கரடியை வரைந்தாள். அது யாரையும் பார்க்கவில்லை. டீச்சர் சொன்னபடியே பிள்ளைகள் அழுதார்கள்.

"அதுக்கு என்மேல கோபமா?" என்றாள் மகள்.

"கோபமில்ல கண்ணு. அது பாட்டுக்குத் தின்னுது. கிட்டப் போனா அது பயந்துபோய் அடிச்சிடும். தூரத்துல இருந்துதான் பாக்கணும்."

"எவ்வளவு தூரம்?"

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து, விளையாட்டுத் திடலின் வேலிவரை போனாள். "இவ்வளவு."

"இங்கேருந்து கரடி குட்டியூண்டா இருக்கும்மா."

"அப்படித்தான் இருக்கணும்."

மகள் தலையாட்டினாள். புரிந்துதான் ஆட்டினாளா என்று தெரியவில்லை. அன்று மாலையே பின்கதவின் உச்சியில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், இன்னொரு தாழ்ப்பாளை அடித்தாள்.