இடது கால் மாமாவுக்கு, வலது கால் சித்திக்கு

குதிகால் களிம்பு வாங்கப் போனால் கடைக்காரர் முதல் வேலையாக எனக்கு ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டுவிடுவார். எட்டாவதோடு நின்றவள் நான். டப்பாவின் பின்னால் இருக்கும் பொடி எழுத்தை எழுத்துக்கூட்டி முடிக்க நேரம் ஆகும். இயற்கை என்று போட்டிருந்தாலும் பயம், போடாவிட்டாலும் பயம். இந்தப் பயத்தை எனக்குள் ஏற்றிவிட்டவர் மாமா.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு வருஷம் அம்மாவின் குதிகால் இரண்டும் வெடித்துக் கிடந்தன. முந்தின வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நேர்ந்துகொண்டு கோயிலை நூற்றெட்டுச் சுற்று சுற்றப் போனவள், பாதியிலேயே ரத்தம் கசிந்து உட்கார்ந்துவிட்டாள். இந்தத் தடவை திருவிழாக் கொடியேற்றத்தன்றே அந்த ஆடிச்சுற்றை முழுசாக முடித்தே தீருவேன் என்று சொல்லிவிட்டாள். அதற்காகக் கடை மெழுகுவர்த்தியைத் தேங்காய் எண்ணெயில் உருக்கி, ஆறவைத்து வெடிப்பில் தடவிக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்ததும் அவள் தம்பிக்கு, அதாவது என் மாமாவுக்கு, வந்ததே கோபம். அவர் அப்போதுதான் போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்திருந்தார்.

"யக்கா, இது மெழுகா? பெட்ரோல் எடுத்த பிறகு மிஞ்சுத கசடு. இதையா கால்ல பூசுதே?"

புளியங்குடிக்குப் பஸ் ஏறிப் போய், மலைத்தேன் விற்கிறவரிடம் தேன்மெழுகு வாங்கி வந்தார். இரண்டு மெழுகிலும் திரி போட்டுக் கொளுத்தி, மேலே எவர்சில்வர் தட்டைப் பிடித்துக் காட்டினார். கடை மெழுகுக்குக் கரி அப்பியது. தேன்மெழுகுக்கும் கொஞ்சம் அப்பத்தான் செய்தது. அந்தக் கரியை மட்டும் அவர் சீக்கிரமாகத் துடைத்துவிட்டார்.

மாமாவுக்கு இளையவளான சித்தி, மருந்துக் கடையில் வாங்கிய ட்யூபோடு வந்து நின்று சிரித்தாள். "ஏண்ணே, அக்கா கால்ல பூசப் போறாளா, கொளுத்தப் போறாளா?"

மாமா ட்யூபைப் பிடுங்கிப் படித்தார். "ஏட்டி, இதுலயும் பாரபின்னுதான் போட்டிருக்கான். அதே கசடு, வாசனையைச் சேத்து விக்கான்."

"இருக்கட்டும். யாரு மருந்து கேக்குதுன்னு பாத்துருவோம்."

இடது கால் மாமாவின் தேன்மெழுகுக் களிம்புக்கு, வலது கால் சித்தியின் ட்யூபுக்கு என்று பாகம் பிரிந்தது. களிம்பு கரைந்துவிடும், தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்றார் மாமா. நடந்தால் க்ரீம் ஒட்டாது என்றாள் சித்தி. எனக்கோ வேறு கவலை. பெட்ரோல் கசடு என்றால் தீப்பிடிக்காதா? அம்மாவின் வலது கால் அடுப்படியில் குப்பென்று பற்றிக்கொள்வதைக் கனவில்கூடக் கண்டேன். அடுப்படி வாசலில் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்து அவளை உள்ளே விடவே இல்லை.

ஆக, மாமா துணி துவைத்தார். சித்தி பாத்திரம் தேய்த்தாள். அப்பா உப்புமா கிண்டினார், தினமும் உப்புமாதான். அம்மா அப்பாவுடைய சாக்ஸை மாட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள். சாயங்காலம் சாக்ஸைக் கழற்றி விசாரணை நடக்கும். "இன்னைக்கு இடது கொஞ்சம் தேவலை" என்பாள். மறுநாள், "வலது முந்திட்டு போல." தோற்கிற பக்கத்து ஆள் அன்றைக்கு ரெண்டு பங்கு வேலை பார்ப்பார்.

கொடியேற்றத்தன்று அம்மா நடந்தாள். நான் அவள் குதிகாலையே பார்த்துக்கொண்டு பின்னால் ஓடினேன். கூட்டம் நெரித்தது, தரை சுட்டது. போன வருஷம் உட்கார்ந்த இடம் வந்தபோதெல்லாம் அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசிச் சுற்று வரை அவள் எங்கேயும் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து காலை நீட்டினாள். இரண்டு குதிகாலிலும் ஒரு கீறல் இல்லை.

"இப்ப சொல்லுக்கா, எந்தக் கால்?" மாமா விடவில்லை.

அம்மா காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்பா கொண்டுவந்த காபியை வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

"அவசரப்பட்டுச் சொல்லக் கூடாதுல்லா. இன்னும் ஒரு வாரம் பாப்போம்."

மாமா வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். இரண்டு காலும் ஒன்றுபோல இருப்பது எனக்கே தெரிகிறது, அம்மாவுக்குத் தெரியவில்லையே, கண்ணும் கெட்டுப்போய்விட்டதோ என்று எனக்குப் புதிதாக ஒரு கவலை பிடித்துக்கொண்டது. அடுப்படி வாசலில் போய் மறுபடியும் காலை நீட்டி உட்கார்ந்தேன்.