கையைக் கீழே போடு

எங்கள் குடும்பத்தில் கோபப்பட உரிமை உள்ளவர் ஒருவர்தான். பெரியப்பா.

தன் கடையில் பொட்டலம் கட்டுகிற ஆளைப் பெரியப்பா செவிட்டில் அறைந்தால், அவருக்குக் கை கொஞ்சம் வேகம் என்பார்கள். சுற்றிலும் உப்பளம் இருக்கிற ஊரில், குழம்பில் உப்பு குறைந்துவிட்டது என்று சோற்றுத் தட்டை முற்றத்தில் வீசினால், மனசில் ஒன்றும் கிடையாது, குணம் அப்படி என்பார்கள். அதே கோபம் ஏழு வயதில் என் தம்பிக்கு வந்தபோது மட்டும் அது நோயானது. நோயின் பெயர் வாயில் நுழையாதவர்கள் பேய் என்றார்கள். இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது.

தம்பிக்கு ஆட்டிசம். பேச்சு அதிகம் வராது. சத்தம்தான் அவனுக்கு எமன். மிக்ஸி, பஸ் ஹாரன், எதிர்த்த பட்டறையில் இரும்பு அறுக்கிற சத்தம் எல்லாம் காலையிலிருந்து ஒவ்வொன்றாக அவனுக்குள்ளே போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். சாயங்காலம் யாராவது ஸ்பூனைக் கீழே போட்டால் போதும், தலையைச் சுவரில் மோதுவான், தன் கையையே கடிப்பான். பார்க்கிறவர்களுக்கு அது ஸ்பூனுக்கு வந்த கோபம்.

அம்மா அவனைப் பஸ்ஸில் ஒரு பயிற்சி மையத்துக்குக் கூட்டிப் போவாள். அங்கே சிரிக்கிற முகம், அழுகிற முகம், கோபமான முகம் என்று அட்டைகள் கொடுத்தார்கள். அவன் மனித முகத்தையே பார்க்கமாட்டான், அட்டை முகத்தையா பார்ப்பான்? ஓரத்தைப் பிய்த்துப் போட்டான். அம்மா கொஞ்ச நாள் யோசித்துவிட்டு அட்டைகளைத் தூக்கிப் பரணில் போட்டாள். அவன் அழ ஆரம்பிக்கும்போதெல்லாம், "எங்கன இருக்கு? காதுலயா? நெஞ்சுலயா?" என்று அவன் கையைப் பிடித்து அங்கங்கே வைத்துக் காட்டினாள். மாசக்கணக்கில் காட்டினாள். கடைசியில் மூன்று சைகை நின்றது. காதில் கை வைத்தால் சத்தம் தாங்கவில்லை. நெஞ்சில் கை வைத்தால் பயம். முஷ்டியைத் தொடையில் குத்தினால் கோபம்.

அதற்கப்புறம் பாடம் எங்களுக்குத்தான். அவன் கை காட்டியதும் வீட்டில் எது நடந்தாலும் நிற்க வேண்டும். மிக்ஸி நிற்கும், டிவி நிற்கும், எனக்குத் தலை பின்னுவது பாதியில் நிற்கும். அம்மா ஈரத்துண்டை அவன் தோளைச் சுற்றிப் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். ஒருநாள் நான் சலித்துக்கொண்டபோது, "அவன் சொல்லி நாம நிறுத்தலேன்னா, அப்புறம் அவன் எதுக்குளா சொல்லணும்?" என்று கேட்டாள். அவன் தலையை மோதுவது மெல்லக் குறைந்தது. இன்று மீசை வைத்த ஆளாக இருக்கிறான், இன்றும் அவன் கை காட்டினால் நாங்கள் நிறுத்துகிறோம்.

எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது பெரியப்பா மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்காராமலே, அப்பாவிடம் சொன்னார்: "ஏலே, அன்னைக்கு அந்தப் பயல மாடி ரூம்ல போட்டுத் தாழ்ப்பாள் போட்டுரு. சம்பந்தக்காரங்க முன்னால மானத்த வாங்கிராத."

அப்பா தரையைப் பார்த்தார். பள்ளிப்படிப்பு முடிந்ததிலிருந்து அப்பா பெரியப்பாவின் மொத்த மளிகைக் கடையில்தான் இருந்தார். காலையில் ஷட்டரைத் தூக்குவதும் ராத்திரி இறக்குவதும் அவர்தான். அண்ணன் முன்னால் அவர் பேசி நான் கேட்டதில்லை. அம்மாதான் அடுப்படி வாசலில் நின்றபடி, "அவன் வருவான் அத்தான்" என்றாள்.

வருவதற்கு அவனைத் தயார்படுத்தவும் செய்தாள். காலியாகக் கிடந்த மண்டபத்துக்கு முன்கூட்டியே கூட்டிப் போய் மேடை, பந்தி நடக்கும் இடம், பின்வாசல் எல்லாம் காட்டினாள். காதை மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்று வாங்கி, அதை மாட்டிக்கொண்டு வீட்டில் நடக்கப் பழக்கினாள். கல்யாணத்தன்று தம்பி பட்டு வேட்டியும் ஹெட்போனுமாகப் பின்வாசல் பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வெளியே போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டு, யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்தான். தாலி கட்டி முடிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதன்பிறகு குடும்பப் போட்டோ என்று எல்லோரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஆல்பத்தில் அசிங்கமாக இருக்கும் என்று பெரியம்மா அவன் ஹெட்போனைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அம்மா கூட்டத்தின் அந்தக் கோடியில் மாட்டிக்கொண்டிருந்தாள். தம்பி பெரியப்பாவுக்கு முன்னால் நின்றான், நான் பக்கத்தில். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் ஏற்பாடு செய்திருந்த செண்டை மேளம் மேடைக்குக் கீழே வந்து நின்று அடிக்க ஆரம்பித்தது. என் நெஞ்செலும்பே அதிர்ந்தது.

தம்பி காதில் கை வைத்தான்.

"கையைக் கீழ போடுல. போட்டோ எடுக்கான் பாரு" என்று பெரியப்பா அந்தக் கையை இழுத்துவிட்டார்.

அவன் நெஞ்சில் கை வைத்தான். அதையும் இழுத்துவிட்டார். முஷ்டியை மடக்கித் தொடையில் குத்தினான். ஒருமுறை இல்லை, விடாமல் குத்தினான். நான் கத்தினேன். "பெரியப்பா, கோவம்னு சொல்லுதான். அவன விடுங்க!" மேளத்தில் அவருக்குக் கேட்டிருக்காது என்று என் அப்பா வீட்டார் இன்றும் சமாதானம் சொல்வார்கள். கேட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் அவனுடைய இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து இறுக்கிப் பிடித்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

கையைக் கட்டிவிட்டால் அவனுக்கு வாய் ஏது? பல்தான் இருந்தது. கடித்துவிட்டான்.

பெரியப்பா அறைந்த அறையில் அவன் மேடையின் பூ அலங்காரத்தின் மேல் போய் விழுந்தான். மேளம் நின்றது. "பேய்ப்பய" என்று பெரியப்பா கையை உதறிக்கொண்டிருந்தார். என் கைக்குப் பன்னீர்ச் செம்பு அகப்பட்டது. எடுத்து எறிந்தேன். அவர் மேல் படாமல் வீடியோக்காரனின் விளக்கில் பட்டது. இந்தப் பொட்டைக்கும் அந்தப் பேய் இருக்கும்போல என்று பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது.

அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். இப்போது அம்மா பெரியப்பாவைக் கிழிக்கப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அவள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. மேடையிலேயே தரையில் உட்கார்ந்து தம்பியை மடியில் இழுத்துப்போட்டு, பட்டுச்சேலை முந்தானையைத் தண்ணீர்ச் செம்பில் நனைத்து அவன் தோளைச் சுற்றி இறுக்கினாள். "சரிய்யா. சொன்னேல்லா. சொன்னது சரிதான்" என்று அவன் காதருகே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. ஒருவர் ஒரு விசிறியைக்கூட எடுத்து வீசவில்லை.

அப்பா மேடையேறினார். சரி, இவராவது என்று நினைத்தேன். அப்பா பெரியப்பாவுக்கு நேராகப் போய் நின்றார். "நாங்க கெளம்புதோம் அண்ணே" என்றார். சட்டைப்பையிலிருந்து கடைச் சாவிக்கொத்தை எடுத்து, வெற்றிலைத் தட்டில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அவ்வளவுதான். அண்ணே! அறைந்தவனுக்கு மரியாதை ஒன்றுதான் குறைச்சல் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆட்டோவில் தம்பி அம்மாவின் மேல் சாய்ந்து தூங்கிவிட்டான். கன்னம் விரல்கள் பதிந்து வீங்கியிருந்தது. வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் அம்மா உடைந்தாள். "எல்லாத்தையும் சொன்னாம்ளா. ஒண்ணு விடாம, வரிசையாச் சொன்னான். இதுக்கு மேல எம்புள்ள எப்படிச் சொல்லணும்?" அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

நான் அப்பாவிடம் பேசுவதை நிறுத்தினேன். திங்கட்கிழமை காலையில் அவர் என்னை டிவிஎஸ்ஸில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். வழியெல்லாம் அவர் சட்டையைப் பிடிக்காமல் சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட் முன்னால் இறங்கியதும் அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "நீங்க ஏன் பெரியப்பாவத் திருப்பி அடிக்கல?"

அப்பா என் ரிப்பனைச் சரிசெய்யப் பார்த்தார். கையைத் தட்டிவிட்டேன்.

"போ, மணி அடிச்சுருவாங்க" என்றார்.

கோழை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு உள்ளே போனேன். வகுப்பு வாசலில் திரும்பிப் பார்த்தபோதும், போக வேறு இடம் இல்லாதவர்போல வண்டியில் சாய்ந்து அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அதுவரை ஒரு திங்கட்கிழமைகூட அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டதில்லை. அந்த நேரத்துக்கு அவர் பெரியப்பா கடையின் ஷட்டரைத் தூக்கியிருக்க வேண்டும். அன்றைக்கு அது எனக்குத் தோன்றவே இல்லை.