பெனிசிமானி போகாத ஞாயிறுகள்

பெனிசிமானியின் குரல் ஹாபைத் தீவுகள் முழுக்கப் பேர் போனது. அவன் ஊர் ஆலயத்தில் அடிக்குரல் பாடுகிறவர்கள் வடக்குப் பக்கக் கடைசி பெஞ்சில் உட்காருவார்கள். அவன் வாயைத் திறந்தால் முன்னால் இருப்பவர்களின் முதுகில் அதிர்வு தெரியும் என்பார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன், கவா வேர்ச்சாறு குடிக்க உட்கார்ந்தால் யாரிடமாவது சண்டை இழுக்கிறவன், ஆனாலும் வியாழக்கிழமைப் பாட்டுப் பயிற்சியை மட்டும் அவன் தவறவிட்டதில்லை. அந்த ஆலயத்துச் சுவருக்குப் பவளக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு கொடுத்தவர்களில் அவன் அப்பாவும் ஒருவர். தம்பி சைமோனே பிறந்த கையோடு அம்மா இறந்துபோனாள். அந்தக் குழந்தையை ஞானஸ்நானத்துக்குக் கையில் ஏந்திப் போய் நின்றவன் அண்ணன்தான். அதன்பின் அவனை வளர்த்து, கடலுக்குப் பழக்கியதும் அவனே.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சைமோனே தன் சின்னப் படகில் பவளத்திட்டுக்கு அப்பால் மீன் பிடிக்கப் போனான். மறுநாள் விருந்துக்கு மீன் வேண்டியிருந்தது. இருட்டியும் அவன் திரும்பவில்லை. விடியும்போது தென்கிழக்குக் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. பெனிசிமானியின் படகு எஞ்சின் பழுதாகிப் பெரிய ஊர்ப் பட்டறையில் கிடந்தது. கரையில் அந்தக் கடலைத் தாங்கக்கூடிய படகு மூப்பர் லிசியாத்தேயுடையது ஒன்றுதான். சபைக் காரியங்களைப் போதகருக்கு அடுத்தபடி பார்த்துக்கொண்டவர் அவர். உறவில் பெனிசிமானிக்கு மாமா.

ஆலய வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, படகைக் குடுங்க. நான் மட்டும் போறேன்."

லிசியாத்தே கடலைப் பார்த்தார். பிறகு, ஆலயத்துக்கு வருகிறவர்கள் உடைக்கு மேல் சுற்றிக்கொள்ளும் இடுப்புப் பாயை இழுத்துக் கட்டிக்கொண்டார். "ஆராதனை முடியட்டும்டா. முதல்ல ஜெபம் பண்ணுவோம். அவன் ஆண்டவர் கையில இருக்கான். உள்ள வா."

மணி அடித்தார்கள். பழைய காஸ் சிலிண்டரைப் புளியமரத்தில் தொங்கவிட்டு அடிக்கிற மணி. பெனிசிமானி உள்ளே போனான். போனது மட்டுமில்லை, பாடினான். என்றைக்கும்விட நன்றாகப் பாடினான் என்று பிற்பாடு சிலர் சொன்னதுதான் அவனால் தாங்க முடியாததாகப் போயிற்று. காற்று தணிந்த மத்தியானம் படகை இறக்கினார்கள். திட்டுக்கு வெளியே சைமோனேயின் எண்ணெய்க் கேன் மிதந்துகொண்டிருந்தது. அவன் கிடைக்கவே இல்லை.

உடல் இல்லாமலே துக்கம் நடந்தது. கறுப்பு உடுத்தி, துக்கத்துக்கென்று உள்ள பெரிய கிழிந்த பாயைச் சுற்றிக்கொண்டு, சொந்தக்காரர்கள் வந்து அழுது, சாப்பிட்டுப் போனார்கள். அடுத்த ஞாயிறு மணி அடித்தபோது பெனிசிமானி ஆலயத்துக்குப் போகாமல், பின்பக்கம் இறங்கி, தென்னந்தோப்பு வழியாக நடக்க ஆரம்பித்தான்.

"ஆண்டவர்கிட்ட சண்டையா?" என்று அவன் மனைவி செலுவாயா கேட்டாள்.

"அவர்கிட்ட எனக்கென்ன சண்டை. அந்தச் சிலிண்டர் சத்தம்தான் காதுல விழக்கூடாது."

அந்தத் தீவில் ஞாயிற்றுக்கிழமையை வேறு எதைக்கொண்டும் நிரப்ப முடியாது. கடலுக்குப் போகக்கூடாது, தோட்டத்தில் மண்வெட்டி படக்கூடாது. கடை திறக்காது, பந்து உருளாது. பாட்டுச் சத்தமும் குழியடுப்புப் புகையும்தான் இருக்கும். பெனிசிமானி நடந்தான். ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போவான். அங்கே கொஞ்சம் நின்று, அங்கும் பிடிக்காமல் திரும்புவான். பன்றிகள்கூட அவனைப் பார்த்துப் பழகி, வழிவிடாமல் படுத்துக்கொண்டன.

பிறகு அடுத்த ஊரில் புதிதாக வந்த சபைக்குப் போய்ப் பார்த்தான். அங்கே கிட்டார் வாசித்தார்கள், கையைத் தட்டி எல்லாரும் ஒரே மெட்டில் பாடினார்கள். இவன் பழக்கத்தில் அடிக்குரலைப் பிடிக்க, முன்னால் இருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தன. நல்லவர்கள்தான். கட்டிப்பிடித்து வரவேற்றார்கள். ஆனால் யாருக்கும் சைமோனேயைத் தெரியாது. பிறகு பெரிய ஊரில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்குச் சில மாதம் போனான். அங்கே இரண்டு பேருக்கு மனத்தாங்கல் வந்து கூட்டம் இரண்டானது. எந்தப் பாதியோடு போவது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்துவிட்டான்.

பக்கத்து வீட்டு வைசிமா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "இன்னைக்கு எந்தச் சபை?" என்று கேட்பாள். "இத்தனை இடத்துல பேரைக் குடுத்துட்டு, மோட்ச வாசல்ல எந்த வரிசையில நிப்பீங்க? தேடித் தேடியே பேதுருவுக்குக் கை வலிக்கும்."

"நீ நிக்கிற வரிசையில நிக்க மாட்டேன். அங்கயும் உன் வாயைக் கேக்கணும்."

கடைசியில் தனியாகவே ஜெபிப்பது என்று முடிவு செய்து, காற்று அடிக்கிற பக்கத்துக் கரையில் ஒரு பாறையில் போய் உட்கார்ந்தான். தனியாகச் செய்த ஜெபம் சீக்கிரமே முடிந்துவிட்டது. பாடிப் பார்த்தான். அவன் வாழ்நாளெல்லாம் பாடியது அடிக்குரல் மட்டும்தான். மேலே பெண்களின் மெட்டும் நடுக்குரலும் இல்லாமல், அந்த நாலைந்து சுரங்கள் யாரோ தூக்கத்தில் முனகுவதுபோல் இருந்தன. பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து நடந்தான்.

சபையும் அவனைச் சும்மா விடவில்லை. ஒவ்வொரு விருந்துக்கும், சேம்பிலையில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கட்டி வேகவைத்த இறைச்சியும் வள்ளிக்கிழங்கும் அவன் பங்காக வீடு தேடி வந்தன. அவன் தொடமாட்டான். செலுவாயா ஒருநாள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள்: "நான் அந்த பெஞ்சை வாராவாரம் பார்க்கிறேன். உங்க இடத்துல யாரையும் உட்கார விடல. மத்தவங்க நெருக்கியடிச்சு உட்கார்ந்திருக்காங்க. ஒண்ணு போங்க, இல்ல 'வரமாட்டேன், உட்காருங்கடா'ன்னாவது சொல்லித் தொலைங்க. ரெண்டும் இல்லாம எத்தனை வருஷம் நடப்பீங்க?"

அவன் எழுந்து தென்னந்தோப்புப் பக்கம் நடந்தான். அவளும் இடுப்புப் பாயைக் கட்டிக்கொண்டு மாலை ஆராதனைக்குக் கிளம்பிப் போனாள்.

அப்படி இருக்கும்போது, காற்றுக் காலத்தில் ஒரு சனிக்கிழமை, பக்கத்துக் குட்டித் தீவைச் சேர்ந்த ஒரு கணவனும் மனைவியும் பெரிய ஊரிலிருந்து மாவு மூட்டைகளோடு படகில் கிளம்பி, வீடு போய்ச் சேரவில்லை. செய்தி ஞாயிறு விடியலில் வந்தது. பெனிசிமானி யாரையும் கேட்கவில்லை. தன் படகை மணலில் தள்ளிக்கொண்டிருந்தான். மறுபக்கம் இன்னொரு தோள் வந்து முட்டுக் கொடுத்தது. பார்த்தால் லிசியாத்தே. ஆலயத்துக்கு உடுத்திய வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, இடுப்புப் பாய். கையில் எண்ணெய்க் கேன்.

"நீங்க ஏறாதீங்க மாமா. மணி அடிக்க ஆள் வேணும்ல."

"இன்னைக்கு மணி கிடையாதுன்னு போதகர்கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். தள்ளு."

திட்டைத் தாண்டினார்கள். அலை முகத்தில் அறைந்தது. லிசியாத்தே முன்பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, திரும்பாமலே பேசினார்.

"அன்னைக்கு எனக்குப் பயம். இந்த மாதிரிதான் காத்து. உனக்குப் படகைக் குடுத்தா நீயும் திரும்பி வரமாட்டேன்னு நெனச்சேன். அதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரல. ஜெபம் பண்ணுவோம்னு சொன்னது அதுக்குத்தான். ஆண்டவர் பேருக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன்."

பெனிசிமானியின் கை எஞ்சின் பிடியில் இறுகியது. கிழவரைக் கடலில் தள்ளிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியதை அவன் பிறகு செலுவாயாவிடம் மட்டும் சொன்னான்.

"அதை அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன?"

"சொல்லியிருந்தா நீ நீந்தியே போயிருப்ப."

அது உண்மை என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததால் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. "தண்ணியை இறைங்க, காலுக்கடியில ஏறுது" என்று மட்டும் சொன்னான். லிசியாத்தே தகர டப்பாவை எடுத்து இறைக்க ஆரம்பித்தார்.

அவர்கள் தேடிய இருவரும் ஒரு மணல்திட்டில் இருந்தார்கள். படகு கவிழ்ந்து கிடந்தது. கணவனுக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது. மனைவி மாவு மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தாள். இவர்களைப் பார்த்ததும் அழவில்லை. "தண்ணி இருக்கா?" என்றாள். குடித்து முடித்ததும் லிசியாத்தேயை ஏற இறங்கப் பார்த்து, "கல்யாணத்துக்குப் போற வழியா?" என்று கேட்டாள்.

திரும்பி வரும்போது ஊர்க்கரை நிறைய ஆட்கள் நின்றிருந்தார்கள். வேறு இரண்டு படகுகளும் தேடப் போயிருந்தன. போதகர் முழங்கால் தண்ணீரில் இறங்கி, கயிற்றைப் பிடித்து இழுத்தார். காயம்பட்டவரைத் தூக்கிப் போனபின் எல்லாரும் ஆராதனைக்குக் கிளம்பினார்கள். பெனிசிமானி கிளம்பவில்லை. வீட்டுக்குப் போய், ஈரத் துணியோடு தரையில் படுத்துத் தூங்கிவிட்டான்.

அடுத்த ஞாயிறும் போகவில்லை, அதற்கடுத்ததும் போகவில்லை. ஆனால் நடையின் வட்டம் சுருங்கிக்கொண்டே வந்ததை ஊர் கவனித்தது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஆலயத்தின் வெளிச்சுவர் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தான். உள்ளே பயிற்சி. அடிக்குரல்காரர்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வழுக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் தடவை அவனால் பொறுக்க முடியவில்லை. ஜன்னலில் தலையை விட்டான்.

"இன்னும் கீழ இறங்குங்கடா. ஏணியிலயா நிக்கிறீங்க, பயப்படறதுக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. பெஞ்சில் அவன் இடத்துக்கு இருபுறமும் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவன் ஜன்னலை விட்டுப் போனான், திரும்பி வந்தான், மறுபடி போனான். கடைசியில் வாசல் வழியாக உள்ளே வந்தான்.

வருஷத்தின் முதல் வாரம் தினமும் ஜெபக்கூட்டம் நடக்கும். அதில் போதகர் அவனைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். மனம் மாறிய கதையைக் கேட்க எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பெனிசிமானி எழுந்து முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

"நான் சமாதானமாகி வரல. என் தம்பி விஷயத்துல எனக்குக் கோவம் இருக்கு. மாமா மேல இருக்கு. அன்னைக்கு உட்கார்ந்து பாடினேனே, என் மேலயும் இருக்கு. இதைத் தூக்கிக்கிட்டு வேற சபைங்களுக்கும் போய்ப் பார்த்தேன். அங்க யார்கிட்டயும் இதைக் காட்ட முடியல. ஆண்டவரை விட்டு என்னால போக முடியாது. உங்களை விட்டும் முடியலன்னு இப்பதான் தெரிஞ்சது. அவ்வளவுதான்."

முன் வரிசையில் லிசியாத்தே தலையைக் குனிந்தபடி இருந்தார். நிமிரவில்லை. கூட்டம் முடிந்ததும் பெனிசிமானி அவர் அருகே போய், "வாங்க, இருட்டுல வழி தெரியாது உங்களுக்கு" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். அதற்குமேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. கிழவர் சாகிறவரைக்கும் இவனே அவருக்கு மீன் கொண்டுபோய்க் கொடுத்தான்.

அவருக்குப் பின் மூப்பர் பொறுப்பை இவனிடம் கேட்டார்கள். "ஒரு படகு வெளியே இருந்தாலும் மணி அடிக்கமாட்டேன், சம்மதமா?" என்று கேட்டான். சபை ஒத்துக்கொண்டது.

இன்றைக்கும் காற்று எழுகிற ஞாயிறுகளில் அவன் பிரசங்கத்துக்கு நடுவே எழுந்து வெளியே போவான். பழகியவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். போன வருஷம் தலைநகரிலிருந்து வந்த விருந்தாளிப் பிரசங்கியார் முகம் சுருங்கி, பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டார். ஆராதனை முடிந்து சாப்பிடும்போது மெதுவாகச் செலுவாயாவிடம் கேட்டார்.

"உங்க மூப்பருக்கு என் செய்தி பிடிக்கலையோ?"

"அப்படியெல்லாம் இல்லீங்க ஐயா" என்றாள் அவள், அவருக்கு இன்னொரு கிழங்கை வைத்தபடி. "கடலைப் பார்க்கப் போனார். ஜன்னல் வழியா கரையில மூணு படகு தெரியணும், ரெண்டுதான் தெரிஞ்சுது. மூணாவது மரத்துக்குப் பின்னால நிக்குதான்னு பார்த்துட்டுத்தான் வருவார். நீங்க நிறுத்தாமப் பேசியிருக்கலாம்."