தூக்கமாட்டேன் என்று செய்த பொருத்தனை

இதை வாசிக்கிற அன்பானவர்களே, எங்கள் மகள் கிருபா இந்த உலகத்தில் இருபத்து மூன்று நாள் இருந்தாள். அவளுக்காக நான் ஆண்டவரிடம் ஒன்று கேட்டேன், அது கிடைக்கவில்லை. என் மனைவி எஸ்தர் ஒன்று கேட்டாள், அது கிடைத்தது. அவள் என்ன கேட்டாள் என்பது அவள் சபையில் எழுந்து நின்று சொல்லும் வரைக்கும் எனக்கே தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தச் சாட்சியை எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை, மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றித்தான் பழக்கம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஜெபராஜ். திண்டுக்கல்லில் பழைய மோட்டார்களுக்குக் காயில் கட்டிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். சாணார்பட்டிப் பக்கத்துத் தோட்டக்காரர்கள்தான் பாதிப் பேர் என் வாடிக்கையாளர்கள். கிணற்று மோட்டார் புகைந்துபோய் வாடிய முகத்தோடு வருவார்கள். நான் அதைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே, "கவலையை விடுங்க, நாளைக்குச் சாயங்காலம் தண்ணி எடுக்கும்" என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் எடுக்கும். அதனால் என் வாய்க்குக் கொஞ்சம் மவுசு. எஸ்தர் மட்டும், "முதல்ல திறந்து பாத்துட்டுப் பேசுங்களேன்" என்பாள். அவள் பாலர் பள்ளி ஆசிரியை. என்னையும் தன் வகுப்புப் பிள்ளைகளில் ஒருவனாகவே நடத்துவாள்.

கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத்தான் அவள் உண்டானாள். ஆறரை மாதம் முடிந்திருந்தது. ஜூலை மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை, சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டு, "என்னங்க, தண்ணிக்குடம் உடைஞ்சிருச்சு போல" என்றாள். குரலில் பதற்றமே இல்லை. நான்தான் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினேன். ஆட்டோவில் போகும்போது அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அன்று மத்தியானமே கிருபா பிறந்துவிட்டாள். எண்ணூற்று எழுபது கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கில் குழாய், வாயில் குழாய், காலில் ஒரு சிவப்பு விளக்கு. என் உள்ளங்கையும் மணிக்கட்டும் சேர்ந்த நீளம்கூட இல்லை. தோல் வழியாக உள்ளே ஓடுகிற நரம்பெல்லாம் தெரிந்தது. நான் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டு, "ஆண்டவரே, எப்படியாவது" என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. என்னைப்போன்ற வாய்க்காரனுக்கு வார்த்தை வராமல் போனது அதுதான் முதல் தடவை.

வார்த்தை திரும்ப வந்ததும் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி நேரம் வந்தது. எங்கள் சபையில், கிடைப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டதாக அறிக்கை செய்வதைப் பெரிய விசுவாசமாக நினைப்போம். நான் எழுந்து மைக்கை வாங்கி எல்லாருக்கும் முன்னால் பொருத்தனை செய்தேன். "நாற்பதாம் நாள் என் மகளைக் கையில் தூக்கிக்கொண்டு இந்த வாசல் வழியாக வருவேன். அதுவரைக்கும் அவளை நான் தொடமாட்டேன். தூக்கினால் பிழைத்த பிள்ளையாகத்தான் தூக்குவேன். இது என் விசுவாசம்." சபையே சத்தமாக ஆமென் சொன்னது. சிலர் அழுதார்கள். கடைக்குப் போய் காலண்டரில் நாற்பதாம் நாளைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டேன்.

எஸ்தர் அன்று ஆஸ்பத்திரியில் இருந்தாள். சாயங்காலம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"தொடாம இருக்கிறதுதான் விசுவாசமாங்க?" என்றாள்.

"ஆண்டவருக்கு வாக்குக் குடுத்துட்டேன் எஸ்தரு. இனி பேச்சில்ல."

அவள் கையைக் கழுவிக்கொண்டு பிள்ளையிடம் போய்விட்டாள்.

அதன் பிறகு நாள் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலையில் ஒருமுறை, கடை மூடியதும் ஒருமுறை. கிருபா எண்ணூறுக்கு இறங்கினாள், எண்ணூற்று இருபதுக்கு ஏறினாள். மீட்டர் பார்த்துச் சொல்கிற மாதிரி ஒவ்வொரு கிராமையும் சபையாருக்குப் போனில் சொல்வேன். எஸ்தர் உள்ளே கையைக் கழுவிவிட்டுப் பெட்டியின் ஓட்டை வழியாக விரலை விட்டு அவள் நெற்றியைத் தடவுவாள். கொஞ்சம் தேறிய நாட்களில் செல்வி என்கிற நர்ஸ் பிள்ளையைக் குழாய்களோடு எடுத்து எஸ்தரின் நெஞ்சில் சாய்த்து வைப்பார். செல்வி நத்தத்துக்காரர். எங்கள் மகளை, "எங்க ஊரு மாங்கொட்டை அளவுக்குத்தான் இருக்கா, ஆனா என்னா சேட்டை" என்று கொஞ்சுவார்.

என்னையும் கூப்பிடுவார். "அண்ணே, அப்பா நெஞ்சுச் சூடும் பிள்ளைக்கு நல்லதுண்ணே. கையைக் கழுவிட்டு வாங்க."

"என் கையெல்லாம் காயிலுக்குப் பூசுற வார்னிஷ் கறை சிஸ்டர். கிருமி ஒட்டிக்கும்" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பொருத்தனை பாதி, பயம் பாதி. அவ்வளவு சின்ன உயிரை என் முரட்டுக் கையில் வாங்க எனக்குப் பயமாக இருந்தது. தூக்கிவிட்டால் ஆசை ஒட்டிக்கொள்ளும், அப்புறம் போய்விட்டால் எப்படித் தாங்குவேன் என்று பயம். அந்தப் பயத்துக்கு நான் விசுவாசம் என்று பெயர் வைத்திருந்தேன்.

இருபத்தோராம் நாள் டாக்டர் அம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது, மருந்து கேட்கவில்லை, இன்றைய பொழுது தாண்டுவதே கஷ்டம் என்றார். நான் அவரிடமே, "தாண்டும் டாக்டர், பாருங்க" என்றேன். பொழுது தாண்டியது. அடுத்த நாளும் தாண்டியது. டாக்டருக்கே ஆச்சரியம். நான் சபையாருக்குப் போன் போட்டு என் பொருத்தனையை ஆண்டவர் கேட்டுவிட்டார் என்று சொன்னேன். எஸ்தர் ஒரு மூலையில் கண்ணை மூடி உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்பதைத்தான் அவளும் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

இருபத்து மூன்றாம் நாள் மத்தியானம் நெஞ்சுத்துடிப்பு இறங்கத் தொடங்கியது. இனி குழாய்களால் பயன் இல்லை, பிள்ளையை நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அம்மா சொன்னார். எல்லாவற்றையும் மெதுவாகக் கழற்றினார்கள். அன்றைக்குத்தான் என் மகளின் முழு முகத்தைப் பார்த்தேன். எஸ்தரின் மூக்கு. என் அம்மாவின் நாடி. செல்வி அவளைத் துணியில் சுற்றி எஸ்தரின் கையில் கொடுத்தார். நான் கதவோரத்தில் நின்று, "அற்புதம் செய்யும், இப்பவே செய்யும்" என்று ஜெபித்துக்கொண்டே இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் எஸ்தர் என்னைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, கை மரத்துப் போச்சு. செத்த நேரம் பிள்ளையப் புடிங்க."

"சிஸ்டர்கிட்டக் குடு."

"அவங்க அடுத்த பிள்ளைக்கு மருந்து ஏத்திக்கிட்டு இருக்காங்க. என்னால முடியலைங்க, நழுவ விட்டுருவேன் போல. சீக்கிரம் வாங்க."

நழுவ விட்டுவிடுவாள் என்றதும் பொருத்தனையாவது ஒன்றாவது. ஓடிப்போய்க் கை கழுவினேன். சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்தேன், வார்னிஷ் கறை போகவில்லை. திரும்பிப் பார்த்தால் செல்வி நின்றிருந்தார். "தேச்சது போதும்ண்ணே. மிச்சம் இருக்கிறது கறைதான், அழுக்கு இல்ல. போங்க" என்றார்.

வாங்கிக்கொண்டேன். ஐயோ, அவளுக்கு எடையே இல்லை. ஆனால் சூடு இருந்தது. என் சட்டையைத் தாண்டி அந்தச் சூடு நெஞ்சில் இறங்கியது. என் சுண்டு விரலை நீட்டினேன், நகத்தளவு இருந்த அவள் கை அதைச் சுற்றிக்கொண்டது. அதோடு என் ஜெபம் நின்றுபோனது. அதற்குப் பதிலாக அவளோடு பேச ஆரம்பித்துவிட்டேன். "ஏ தங்கம், அப்பா வந்துட்டேன்டா. கோவமா? இம்புட்டு நாள் வெளியவே நின்னுட்டேன்டா, அப்பா ஒரு மடையன்டா" என்றேன். ஜன்னலில் மலைக்கோட்டை தெரிந்தது. அதைக் காட்டினேன். கடை எந்தப் பக்கம், வீடு எந்தப் பக்கம், அம்மா வேலை பார்க்கிற பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் எல்லாம் சொன்னேன். ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து பார்த்தாள். அரைமணி நேரம் இருக்கும். பேசிக்கொண்டே இருக்கும்போது சுண்டு விரலில் பிடி தளர்ந்தது. டாக்டர் அம்மா வந்து பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டார்.

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். எஸ்தர் பின்னிய மஞ்சள் குல்லாவைப் போட்டுவிட்டோம். அது அவளுக்குப் பெரிதாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் எனக்குள் ஒரே எண்ணம்தான் சுற்றியது. தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன், தொட்டேன், அரைமணி நேரத்தில் போய்விட்டாள். சோறு இறங்கவில்லை. வேதத்தைத் திறக்கவில்லை. ஒருநாள் எஸ்தர் சாப்பிடக் கூப்பிட்டபோது சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன்.

"நீ கையில குடுத்ததாலதான் பொருத்தனை உடைஞ்சுச்சு. நீ கூப்பிடாம இருந்திருந்தா எம்பிள்ள இருந்திருக்கும்."

பால் கட்டி நெஞ்சு வலியோடு இருந்தவளிடம் இதைச் சொன்னேன். அவள் தட்டை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து ஒரே வீட்டில் இருவரும் விருந்தாளிகள் மாதிரி இருந்தோம். பிள்ளையை இழந்த வீட்டில் மனைவியையும் இழந்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. ஆனாலும் வாய் திறந்து மன்னிப்புக் கேட்க வரவில்லை.

அடுத்த வாரம் ஞாயிறு. நான் சபைக்கு வரமாட்டேன் என்றேன். "கொண்டுவந்து விட்டுட்டாவது போங்க" என்றாள். கொண்டுபோய் விட்டவன், கிளம்ப மனமில்லாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சாட்சி நேரம் வந்தது. யாரும் எழவில்லை. எல்லாரும் எங்களைப் பார்க்காமல் பார்த்தார்கள். எஸ்தர் எழுந்து போய் மைக்கை வாங்கினாள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் முதல்ல ஒரு பாவத்தை அறிக்கையிடணும். அன்னைக்கு ஆஸ்பத்திரியில எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு பொய் சொன்னேன். கை மரத்துப் போச்சுன்னு சொன்னேன். மரக்கவே இல்ல. ஆண்டவர் என்னை மன்னிக்கணும்."

முன்வரிசையில் இருந்த ஒரு அக்கா சிரித்துவிட்டு உடனே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எஸ்தர் தொடர்ந்தாள்.

"பிள்ள பிழைக்கணும்னு அவரு மாதிரியேதான் நானும் கேட்டேன். தினம் கேட்டேன். ஆனா அது போக இன்னொண்ணும் கேட்டேன். ஆண்டவரே, நீர் எடுத்துக்கிறதா இருந்தா அவ அப்பா கைக்கு ஒரு தடவை போயிட்டுப் போகட்டும். அப்பா கை படாம எம்பிள்ள போகக்கூடாது. அவரும் பிள்ளையத் தூக்காம வாழ்நாள் பூரா அலையக்கூடாது. அவருகிட்டக் கெஞ்சினா கேக்கமாட்டாரு, உம்மகிட்டத்தான் கேக்க முடியும்னு சொன்னேன். செவ்வாய்க்கிழமையே முடிஞ்சிரும்னு டாக்டர் சொன்னாங்க. வியாழக்கிழமை வரைக்கும் ஆண்டவர் வச்சிருந்தாரு. எதுக்கு வச்சிருந்தாருன்னு எனக்குத் தெரியும். அந்த அரைமணி நேரத்துக்குத்தான் நான் இன்னைக்கு நன்றி சொல்ல வந்தேன்."

அவள் கடைசி வரிசையைப் பார்த்தாள். "அவரு தொட்டதால பிள்ள போகலைங்க. அவரு தொடுறதுக்காகத்தான் இருந்தா."

எனக்கு அதற்குப் பிறகு நடந்தது எதுவும் சரியாக நினைவில் இல்லை. சபை நடுவே ஒரு ஆம்பளை இப்படி அழுவானா என்று யாராவது நினைத்திருப்பார்கள், நினைத்துக்கொள்ளட்டும். போதகர் ஐயா பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. பக்கத்தில் வந்து தரையில் என்னோடு உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி எஸ்தரிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி, வண்டிய எடுங்க, வெயிலு" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் கேட்டேன்.

"கை நெசமாவே மரக்கலையா?"

"ஒரு கிலோகூட இல்லாத பிள்ளைங்க அது. எப்படிங்க கை மரக்கும்? இதுகூடவா உங்களுக்குத் தோணல?"

பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பிள்ளை போன பிறகு அன்றைக்குத்தான் இருவரும் சேர்ந்து அழுதோம், கொஞ்சம் சிரிக்கவும் செய்தோம்.

காலண்டரில் சிவப்பு வட்டம் போட்ட நாள் வந்தது. ஆராதனை முடிந்ததும், எஸ்தர் பின்னி வைத்திருந்த குட்டிக் குல்லாக்களை எடுத்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்கே போனோம். செல்வி எங்களைப் பார்த்ததும் எஸ்தரைக் கட்டிக்கொண்டார். கண்ணாடிக்கு வெளியே ஒரு தகப்பன் நின்றிருந்தார். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்.

"உள்ள போயிப் பாத்தீங்களா?" என்றேன்.

"இல்லீங்க. எங் கை மூட்டை தூக்குற கைங்க. வீட்டுக்கு வரட்டும், அப்பறம் தூக்கிக்கலாம்னு இருக்கேனுங்க."

என் கையை விரித்து அவரிடம் காட்டினேன். வார்னிஷ் கறை அப்படியே இருந்தது. "இந்தக் கையிலதாங்க எம்பொண்ணைத் தூக்கினேன். வாங்க, எப்படிக் கழுவணும்னு காட்டுறேன்" என்று குழாயடிக்குக் கூட்டிப்போனேன். அவர் உள்ளே போய்ப் பிள்ளையை வாங்கினதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று எஸ்தரும் நானும் பார்த்தோம். அவர் பிள்ளை பிழைத்து வீட்டுக்குப் போனது. அதற்காகவும் ஸ்தோத்திரம்.

இப்போதும் மாதம் ஒருமுறை அங்கே போகிறோம். கடையிலும் என் வாய் அடங்கிவிட்டது. மோட்டாரைத் திறந்து பார்த்த பிறகுதான் பேசுகிறேன். ஏன் கிருபாவை எடுத்துக்கொண்டார் என்று ஆண்டவரிடம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பதில் வரவில்லை. கோபித்துக்கொண்டு கேட்கிற நாளிலும் அவர் மடியில் உட்கார்ந்துதான் கேட்கிறேன். என் மகளும் அந்த மடியில்தான் இருக்கிறாள் என்று நம்புகிறேன்.

அன்பானவர்களே, உங்களுக்குப் பெரிய தேவை இருந்தால் பெரிதாகவே கேளுங்கள், நானும் இனிமேலும் கேட்பேன். ஆனால் என்னைப்போல் ஆண்டவருக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டு வெளியே நிற்காதீர்கள். அவரை நம்புகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. உங்கள் பிள்ளை இன்றைக்கு இருக்கிறதா, இன்றைக்கே தூக்குங்கள். என் மகள் எனக்காக இரண்டு நாள் காத்திருந்தாள்.