ஐந்து முறை திரும்பி வந்த தகடு

அந்தத் தகட்டைப் பொடியாக்கியவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. எட்டு மாத உழைப்பு அது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் கறுத்த வட்டம், முகம் பார்க்கலாம் அதில். காலியம் ஆர்சனைடு என்று பெயர்.

திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வகத்தில் சூரிய மின்கலம் செய்வது என் வேலை. மொட்டைமாடிகளில் பார்க்கிறோமே, அந்தச் சிலிக்கான் இல்லை. அதைவிட நன்றாக வெயிலை மின்சாரமாக்கும் ரகம் இது. விலையோ யானை விலை, குதிரை விலை. அதனால் செயற்கைக்கோளோடு வானத்துக்குப் போகிறது, நம் கூரைக்கு வருவதில்லை. இத்தனைக்கும் கலம் என்பது தலைமுடியைவிட மெல்லிய படலம்தான். அதை வளர்க்க அடியில் ஒரு தகடு வேண்டும். காசை விழுங்குவது அந்தத் தகடு. பெரும்பாலும் அதைக் கலத்தோடு சேர்த்தே அனுப்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு தோசைக்கும் ஒரு புதுக் கல் வாங்கி, கல்லோடு பரிமாறுவதுபோல! ஆரியசாலையில் மொத்தக் கடை வைத்திருக்கும் வீட்டில் பிறந்தவள் நான். மிளகாய்ச் சாக்கைக்கூடத் தைத்துத் தைத்து மறுபடி அனுப்புவோம். இந்த அநியாயத்தை முதலில் கேட்ட அன்றே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தகட்டுக்கும் படலத்துக்கும் நடுவே அமிலத்தில் கரையும் ஓர் அடுக்கை வைத்தால், படலம் தனியாக உரிந்து வரும். தகட்டை மெருகேற்றி மறுபடி பயன்படுத்தலாம். ஒரே தகட்டில் ஐந்து முறை செய்தேன். ஐந்தாவது கலமும் முதல் கலத்துக்குச் சளைக்கவில்லை. "பத்துத் தடவை காட்டும்மா, அப்புறம் நம்பறேன்" என்றார் எங்கள் துறைத் தலைவர். பத்து வந்துவிட்டால் விழிஞ்ஞத்து மீன்பிடிப் படகுகளுக்குப் போடலாம் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். படகில் அரைக் கதவு அளவு இடம்தானே இருக்கிறது. அங்கே நல்ல கலம்தான் வேண்டும்.

ஆறாவது முறைக்காக மெருகேற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு இரண்டு நாள் விடுப்பில் போனேன். திரும்பி வந்தால் பெட்டி காலி. ஸ்டோருக்கு ஓடினேன். அங்கே அதிகாரி பாறசாலைப் பக்கத்துத் தமிழர், பேச்சில் பாதி மலையாளம்.

"மேடம், ஒருக்க உபயோகிச்சது வேஸ்டாக்கும். அதும் ஆர்சனிக் உள்ள வேஸ்ட். பொடிச்சு டிரம்முல போட்டாச்சு."

"அது வேஸ்ட் இல்ல சார்! ஆறாவது தடவைக்கு ரெடியா வச்சிருந்தேன்."

"அதுக்கென்ன, குழப்பமில்ல. புதுசுக்கு இன்டென்ட் போட்டா மதி, வந்திரும். மார்ச்சுக்கு முன்ன ஃபண்டு தீர்க்கணுமே."

செலவைக் குறைக்கும் ஆராய்ச்சிக்கென்று வந்த பணத்தைச் செலவழித்துத் தீர்க்கச் சொல்கிறார்! எனக்குத் தலைக்கேறிவிட்டது. "தோசை சுட்டதும் கல்லை உடைச்சுப் போடுவாங்களா சார் உங்க வீட்டுல?" என்று கத்தினேன். வராந்தாவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அவர் குரலை உயர்த்தவில்லை. ஒரு ஃபைலை எடுத்து என் பக்கம் திருப்பினார். "கல்லுன்னு மேடம் எங்க எழுதியிருக்கீங்க? மாவுன்னுதானே எழுதியிருக்கு."

தகடு வாங்க நான் கொடுத்த படிவம். அதில் இரண்டு கட்டங்கள்: நிலைத்த பொருள், தீர்ந்துபோகும் பொருள். நிலைத்த பொருள் என்றால் கமிட்டி கூடவேண்டும், ஆறு மாதம் ஆகும். தீர்ந்துபோகும் பொருள் என்றால் பத்தே நாளில் வந்துவிடும். ஆய்வகத்தில் எல்லோரும் எதற்கும் இரண்டாவதில்தான் டிக் போடுவோம். நானும் போட்டிருந்தேன். கீழே என் கையெழுத்து. அவ்வளவு நேரம் அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி என்மேலேயே திரும்பியது.

புதுப் படிவத்தில் முதல் கட்டத்தில் டிக் போட்டேன். ஐந்து மாதமாகத் தகடு வரவில்லை. கருவி பிளாஸ்டிக் உறை போர்த்திக்கொண்டு சும்மா நிற்கிறது. நேற்று கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. ஒரே ஒரு விளக்கம் கேட்டிருக்கிறார்கள்: ஒருமுறை பயன்படுத்தினால் தீர்ந்துபோகும் என்று சென்ற ஆண்டு நீங்களே கையெழுத்திட்ட பொருள், இந்த ஆண்டு எப்படி நிலைத்தது?