வாத்து மேய்த்தவர்களின் வாரிசு

எங்கள் வீட்டில் மூன்று பேர், மூன்று லாஸ்ட் நேம். என் கணவருக்கு அவர் அப்பா பெயர், எனக்கு என் அப்பா பெயர், மகளுக்கு அவள் அப்பா பெயர். ஏர்போர்ட்டில் ஒவ்வொரு முறையும் அதிகாரி எங்களை மேலும் கீழும் பார்ப்பார். நான் அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது என் கணவருக்கு ஞானோதயம் வந்துவிட்டது.

"ஃபார்ம்லயே நேம் சேஞ்ச் பண்ணணுமான்னு கேக்கறான். என் பேருக்கு மாத்திடேன். எப்படியும் உன்னோடது யாரோ வெள்ளைக்காரன் பேருதானே?"

அவர் சொன்னது உண்மை. அதுதான் எரிச்சல். அப்பா பிறந்தது பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில். சிக்கலான பிரசவம். தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிய இங்கிலாந்து டாக்டரின் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டார்கள். அந்த மனுஷனின் முதல் பெயர் யாருக்கும் தெரியாததால், குடும்பப் பெயரைத் தூக்கி ஞானஸ்நானப் பெயராக்கிவிட்டார்கள். அதை வைத்து அப்பா விட்ட பந்தா கொஞ்சநஞ்சமா? "ஏட்டி, இது லார்டு பரம்பரைப் பேராக்கும்" என்பார். தாலுகா ஆபீஸ் கிளார்க்குக்கு லார்டு பரம்பரை!

பெயரை மாற்றப்போவதாகச் சொன்னபோது, "ஒன் இஷ்டம்மா" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அப்பா போனை அவ்வளவு சீக்கிரம் யாரிடமும் கொடுத்ததே இல்லை.

அந்த வாரம் நாங்கள் இருக்கும் பிளானோவில் பல் டாக்டரிடம் போனேன். ரிசப்ஷனில் இருந்த வெள்ளைக்கார அம்மாள் என் லைசென்ஸைப் பார்த்துவிட்டுக் கூவாத குறை. அவருக்கும் அதே குடும்பப் பெயராம். நாம் சொந்தம் என்றார். சனிக்கிழமை இந்தப் பெயர்க்காரர்கள் எல்லோரும் பார்க்கில் கூடுகிறோம், கட்டாயம் வா என்றார்.

எலுமிச்சை சாதத்தோடு போனேன். அங்கே நாற்பது பேர், எல்லோர் டி-ஷர்ட்டிலும் என் அப்பா பெயர். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள், முழங்கால் வரை வந்தது.

"அம்மா, ஆர் வீ ரிலேட்டட் டு தெம்?" என்றாள் மகள்.

"டி-ஷர்ட் போட்டாச்சுல்ல, இனிமே ரிலேட்டட்தான்."

தாடிக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்துப் பெயரின் வரலாற்றைச் சொன்னார். பழைய ஆங்கிலத்தில் அதற்கு வாத்து மேய்ப்பவன் என்று அர்த்தமாம். ஏதோ ஓர் ஆங்கிலேயக் கிராமத்தில் பெரிய பெரிய வாத்துகளை ஓட்டிக்கொண்டு திரிந்தவர்களாம். எனக்கு எலுமிச்சை சாதம் புரையேறிவிட்டது. அடப்பாவிகளா, லார்டு எங்கே, வாத்து எங்கே! அவர்களோ எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டிய ஒரு பெரிய துணியில் குடும்ப மரம் வரைந்திருந்தார்கள். ரிசப்ஷன் அம்மாள் என் கையில் ஒரு காகித இலையைக் கொடுத்து, உங்கள் வம்சம் எங்கே ஆரம்பிக்கிறது, எழுது என்றார். அப்பா பெயரை எழுதினேன். அவருக்கு முன்னால் யார் என்றார். யாருமில்லை என்றேன். எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, அப்பாவின் பெயர்தான் பிள்ளைக்குப் பின்னால் வரும், என் மகளுக்கு அவள் அப்பா பெயர் என்று விளக்கினேன்.

அவர் யோசித்துவிட்டு இரண்டு விரலைக் காட்டினார். அப்படியானால் உங்கள் வம்சத்தில் மொத்தமே இரண்டு பேர்தானா?

ஆமாம், நான் ஒற்றைப் பிள்ளை, இரண்டே பேர். நான் மாற்றிவிட்டால் அப்பா மட்டும் தனியே நிற்பார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. வாத்து மேய்த்தவன் பெயருக்காக அழுத முதல் தமிழச்சி நானாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் ஃபார்மில் அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று குறித்தேன்.

"அப்போ ஏர்போர்ட்ல?" என்றார் கணவர்.

"கேட்டா கல்யாண ஆல்பத்தக் காட்டுங்க."

அப்பாவுக்குப் போன் போட்டேன். "அப்பா, லார்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாத்து மேய்க்கிறவன்னு அர்த்தமாம்."

"இத வெளிய சொல்லிராத" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பேர மாத்திட்டியா?"

"மாத்தலப்பா."

"நல்லது. வாத்து மேய்க்க ரெண்டு பேராவது வேணும்லா."